பதினேழு நாள் பழுது

மடிக்கணினி ஒருவரை உள்ளே விட மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது விசைப்பலகையின் மொழியை. இருபத்தோரு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடங்களில் அதுவும் ஒன்று. உங்கள் ஆள் மூன்று நாள் தட்டிப் பார்த்தும் திறக்கவில்லை என்று என்னை வரச் சொன்னீர்கள். நான் எழுதிக் கொடுத்த கடவுச்சொல் சரியானதுதான், ஐயா. திரையின் கீழே வலது மூலையைப் பாருங்கள். ஆங்கிலம் என்று காட்டுகிறது. விசைப்பலகையோ பிரெஞ்சு. நீங்கள் 'ஏ' என்று அழுத்துவதை அது 'க்யூ' என்று எடுத்துக்கொள்ளும். கடவுச்சொல் எழுதும் கட்டத்தில் எழுத்து தெரியாது, புள்ளிகள்தான் தெரியும். அதனால் எழுதுகிறவருக்குக் கடைசிவரை தான் சரியாக எழுதியதாகவே தோன்றும்.

இதோ, மாற்றிவிட்டேன். இனி திறக்கும். ஆனால் திறப்பதற்கு முன்னால் நான் கொஞ்சம் பேச வேண்டும்.

நீங்கள் இதில் தேடுவது படகுக்காரனின் தொலைபேசி எண்ணை. அது இருக்கும். எண் மட்டும்தான் இருக்கும், பேச்சு இருக்காது. அவனும் என் தங்கையும் குரலில்தான் பேசியிருக்கிறார்கள். அதோடு வேறு சிலவும் இருக்கும். உங்கள் ஆள் அவற்றை அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்துவிட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வார். நானே வரிசையாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

என் பெயர் நஜெட். வயது நாற்பத்து நான்கு. ஸ்பாக்ஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. மணமாகவில்லை. ஷிராஸ் என் தங்கை. எனக்கும் அவளுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். இடையில் பிறந்தது இரண்டு, இரண்டும் தங்கவில்லை. அவளுக்கு எழுத்து கற்றுக்கொடுத்தது நான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். இந்தக் கணினியை வாங்கிக் கொடுத்ததும், உள்ளே எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்ததும் நான்தான். அவளுடைய மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கியபோது அவள் அடிக்கடி எண் மாற்றுகிற பெண் என்பதால், மாற்று எண்ணாக என் எண்ணைக் கொடுத்து வைத்தேன். அப்போது அது பாதுகாப்புக்காகத்தான்.

மார்ச் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அம்மாவைத் துடைத்து உடை மாற்றிவிட்டு நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஷிராஸ் இதன் முன்னால் உட்கார்ந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா படுக்கையிலிருந்து கேட்டாள். "என்னடி அது, தர்புக்கா மேளமா வாசிக்கிற? கல்யாணம் யார் வீட்டுல?"

பக்கவாதத்தில் அம்மாவுக்கு இடது கையும் இடது காலும் போய் ஆறு வருடம் ஆகிறது. நாக்கு போகவில்லை.

"அக்கா, இது என்னை உள்ள விடமாட்டேங்குது," என்றாள் ஷிராஸ். "நேத்துகூட நல்லாத்தான் இருந்துச்சு."

"என்ன சொல்லுது?"

"கடவுச்சொல் தப்பாம். நாலு வருஷமா அதையேதான் அடிக்கிறேன். இன்னிக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?"

நான் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். மூலையில் ஆங்கிலம் என்று இருந்தது. இரண்டு விசைகள் சேர்ந்து அழுந்தினால் போதும், தானாகவே மாறிவிடும். அன்று எனக்கு நேரமாகிவிட்டது. பள்ளிக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டேன். அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. தயவுசெய்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலைதான். பேருந்து வர நான்கு நிமிடம் இருந்தது.

அவள் கவலைப்பட்டதற்குக் காரணம் உண்டு. மூன்று வாரத்துக்கு முன் பாப் ஜெப்லி சந்தையில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் அவளுடைய கைபேசியைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். அம்மாவின் பழைய பொத்தான் போனை வைத்துக்கொண்டு சமாளித்தாள். மின்னஞ்சல் பார்க்க இந்தக் கணினியை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை. அந்த வாரம் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தாள்.

முதல் இடைவேளையில், ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லாதபோது, மொழியை மாற்றி அவள் சொன்ன கடவுச்சொல்லை அடித்தேன். திறந்தது. மின்னஞ்சல் தானாகவே விரிந்தது. நான் தேடிப் போகவில்லை. மேலே முதல் கடிதம். மார்செய்யில் ஓர் ஆய்வகம். ஆலிவ் எண்ணெயில் கலப்படம் கண்டுபிடிப்பது பற்றிய மூன்று வருட ஆராய்ச்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாக மகிழ்ச்சியோடு தெரிவித்திருந்தார்கள். சம்மதம் என்று பதினைந்து நாளுக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அது கிடைத்ததும் விசாவுக்கான தாள்களை அனுப்புவார்களாம்.

அவள் விண்ணப்பித்தது எனக்குத் தெரியும். அவளுடைய பிரெஞ்சைத் திருத்திக் கொடுத்ததே நான். இருநூறு பேர் போடுவார்கள், போட்டு வை என்று சொன்னேன். கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் வீடு எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். காலையில் அம்மாவை நான் பார்ப்பேன். எட்டிலிருந்து ஐந்து வரை ஷிராஸ். அதற்குப் பிறகு மறுபடியும் நான். வேதியியலில் முதுகலை முடித்து மூன்று வருடமாக அவளுக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அம்மாவோடு இருந்தாள். ஆள் வைத்துப் பார்த்தோம். முதலில் வந்தவளைப் பார்த்து, "உன் கை மீன் நாத்தம் அடிக்குது," என்றாள் அம்மா. இரண்டாமவளைத் திருடி என்றாள். இருவரும் ஒரு வாரம் தாண்டவில்லை. ஷிராஸ் போய்விட்டால் எட்டிலிருந்து ஐந்து வரை யார் இருப்பார்கள்? அதை அந்தக் கடிதத்தில் யாரும் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா விழுந்த வருடம் எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. காபெஸ் ஊரைச் சேர்ந்தவர், பெயர் ரிதா. பொறுமையான மனிதர். எட்டு மாதம் காத்திருந்தார். அப்போது ஷிராஸுக்கு இருபத்து மூன்று. கடைசித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "நீ போக்கா, நான் பார்த்துக்கறேன்," என்று என்னிடம் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். நான் போகவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானாகவேதான் இருந்தேன். ஒருத்தி இருந்த இடத்தில் இன்னொருத்தியும் கொஞ்சம் இருக்கலாம் என்று எதிர்பார்ப்பதை நீங்கள் குற்றம் என்று எழுதுவீர்களா, தெரியவில்லை.

மணி அடித்தது. வகுப்புக்குப் போவதற்கு முன் கடவுச்சொல்லை மாற்றினேன். பூட்டிவிட்டேன் என்று எழுத வேண்டாம். ஏற்கெனவே பூட்டியிருந்ததைத் திறக்காமல் வைத்தேன். பூட்டை மாற்றினேன், அவ்வளவுதான்.

மாலை வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்தது அவள்தான்.

"ஆச்சா?"

"இல்லடி. உள்ள ஏதோ கோப்பு கெட்டுப்போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பார்க்கணும்."

"பஜார்ல ஒரு கடை இருக்கு. அங்க குடுத்துப் பார்க்கலாமா?"

"அவனுங்க எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா போட்டுக் குடுப்பானுங்க. உன் ஆராய்ச்சி, அப்பா போட்டோ எல்லாம் போகும். பரவால்லையா?"

"வேண்டாம், நீயே பாருக்கா," என்றாள். அப்பாவின் படங்கள் இதில் மட்டும்தான் இருக்கின்றன. இன்றும் பத்திரமாக இருக்கின்றன, நீங்களே பார்ப்பீர்கள்.

மூன்றாம் நாள் அவள் தெருமுனை இணையக் கடைக்குப் போனாள். வேறு கணினியில் அவளுடைய மின்னஞ்சலைத் திறக்க முயன்றால் ஒரு குறியெண் கேட்கும். அது முதலில் தொலைந்துபோன கைபேசிக்குப் போகும். அங்கே இல்லையென்றால் மாற்று எண்ணுக்கு. அதாவது எனக்கு. அவள் கடையிலிருந்து என்னை அழைத்தாள்.

"அக்கா, உனக்கு ஆறு இலக்கத்துல ஒரு எண் வந்திருக்கா?"

வந்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

"இல்லையே. இன்னொரு தடவை அனுப்பச் சொல்லு."

நான்கு தடவை அனுப்பச் சொன்னாள். பின்னால் கடைக்காரர் மொக்தாரின் குரல் கேட்டது. "பொண்ணு கேட்டு வர்றவங்ககூட இதவிட சீக்கிரம் வந்துடுவாங்கம்மா. எழுந்திரு, அடுத்த ஆளு நிக்கிறாரு."

அவள் சிரித்ததும் கேட்டது. அப்போதெல்லாம் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது, நாளைக்குப் புதிதாக ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கி அதிலிருந்து ஆய்வகத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னாள். நல்ல யோசனைதான் என்றேன். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

அதனால் அவளுக்கு முன்னால் நான் எழுத வேண்டியதாயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு, பழுது பார்ப்பதாகச் சொல்லி என் அறையில் உட்கார்ந்து, அவளுடைய கணக்கிலிருந்து அந்த ஆய்வகத்துக்கு எழுதினேன். தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. குடும்பச் சூழ்நிலையால் என்னால் வர இயலாது. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். கீழே இன்னும் ஒரு வரி. என் பெயரில் வேறு முகவரியிலிருந்து யாராவது எழுதினால் நம்ப வேண்டாம், ஒருவர் என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறார், அவர் எழுதினால் பதில் தராதீர்கள். அவளுடைய நடையிலேயே எழுதினேன். அவள் 'இயலாது' என்று எழுதும் இடத்தில் எப்போதும் ஒரு சிறு பிழை விடுவாள். நான் எத்தனை முறை திருத்தியிருக்கிறேன். அன்று அந்தப் பிழையை அப்படியே விட்டேன்.

குடும்பச் சூழ்நிலை என்ற வரியைப் பற்றி நான் யோசித்ததுண்டு. அது பொய் அல்ல. யோசித்துப் பார்த்தால், அவள் தானாக எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது.

நான்கு நாள் கழித்து அவள் கடையிலிருந்து ஒரு துண்டுத் தாளோடு வந்தாள். வந்த பதிலைக் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். 'இடம் நிரப்பப்பட்டுவிட்டது. இனி இந்த விஷயமாக எங்களுக்கு எழுத வேண்டாம்.'

"ஏன்க்கா இவ்ளோ கோவமா எழுதியிருக்காங்க? நான் என்ன கேட்டேன்? முடிவு வந்துச்சான்னுதானே கேட்டேன்."

"அவங்க அப்படித்தான். நம்ம ஊர்ப் பேரப் பார்த்தாலே குரல் மாறிடும்."

"நேர்காணல்ல எவ்ளோ நல்லா பேசினாங்க."

அம்மா உள்ளிருந்து, "போகட்டும் விடு. அவன் ஊர் எண்ணெயில கலப்படம் இருந்தா உனக்கென்ன, குடிக்கிறவன் சாகட்டும்," என்றாள். ஷிராஸ் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அந்தச் செயலிழந்த பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

பதினேழாம் நாள் கணினியைச் சரிசெய்துவிட்டேன். இடம் போன பிறகு அதை வைத்திருக்க எனக்குக் காரணம் இல்லை. அனுப்பிய கடிதத்தையும் வந்த கடிதங்களையும் நீக்கினேன். அந்தப் பதினேழு நாளில் வந்த மற்ற எல்லாவற்றையும் வைத்துவிட்டேன், விளம்பரங்களைக்கூட. பழைய கடவுச்சொல்லையே மறுபடியும் போட்டேன். அவள் உட்கார்ந்து அடித்தாள், முதல் தடவையே திறந்தது. எழுந்து என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். மறுநாள் எனக்காக அரைக் கிலோ பக்லாவா இனிப்பு வாங்கி வந்தாள். பாடம் சொல்லி வாங்குகிற சில்லறையிலிருந்து. "பதினேழு நாள் கண்ணு வலிக்க உட்கார்ந்தியேக்கா," என்றாள்.

சாப்பிட்டேன். வேண்டாம் என்றால் அவள் வருத்தப்பட்டிருப்பாள்.

கோடை வந்தது. அவள் கொஞ்சம் மெலிந்தாள். வேறு இரண்டு ஆய்வகங்களுக்கு எழுதினாள். எனக்குத் தெரிந்து அவற்றில் நான் தலையிடவில்லை. ஒன்றிலிருந்துதான் பதில் வந்தது, அதை அவள் பார்க்கத் தேவையில்லை என்று எடுத்துவிட்டேன். ஜூனில் நானே அவளுக்குப் புதிய கைபேசி வாங்கிக் கொடுத்தேன். அமைத்துக் கொடுக்கும்போது அதன் செய்திகள் இந்தக் கணினியிலும் தெரியும்படி இணைத்தேன். பெரிய திரையில் படிப்பது அவளுக்கும் வசதி. அவள் அம்மாவைக் குளிப்பாட்டும் நேரத்தில் நான் ஒரு பார்வை பார்ப்பேன். தினமும் இல்லை. பெரும்பாலும்.

அதில் எதுவும் இருக்கவில்லை. ஹஜெர் என்று அவளுக்கு ஒரே தோழி. அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கூடத்துச் செவிலி. அவளுக்குத்தான் எழுதுவாள். 'மூச்சு முட்டுது ஹஜெர். எந்தக் கதவைத் தட்டினாலும் நான் கிட்ட போறதுக்குள்ள சாத்திடறாங்க. எனக்கு ஏதோ சாபம்.' ஹஜெர் பதிலுக்கு, 'சாபமில்ல, உனக்கு ஒரு புருஷன் தேவை, பல் டாக்டர் ஒருத்தன் இருக்கான், வாய் மட்டும் நாறும்,' என்று எழுதுவாள். இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். நான் பயப்படும்படி எதுவும் இல்லை.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, கெர்கெனா தீவில் ஹஜெரின் உறவுக்காரப் பெண்ணுக்குத் திருமணம், இரண்டு நாள் போய்வருகிறேன் என்றாள். ஹஜெருக்கு விடுப்பு இல்லையாம், அவளுக்குப் பதிலாகப் போகிறாளாம். நான் நம்பினேன். அந்தத் திருமணம் பற்றிச் செய்திகளில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனித்தேன். எதைக் கேட்டாலும் எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள் என்பதால் கேட்கவில்லை.

கிளம்பும்போது அம்மாவை ரொம்ப நேரம் கட்டிக்கொண்டாள்.

"விடுடி, எலும்பு நொறுங்கிடும்," என்றாள் அம்மா. "ரெண்டு நாளைக்குப் போறவ ரெண்டு வருஷம் போற மாதிரி பிடிக்கிறா."

வாசலில் என்னையும் கட்டிக்கொண்டாள். "நீ எங்களுக்காக எல்லாத்தையும் விட்டுட்டு இருந்தக்கா. நான் உனக்கு ஒண்ணும் செய்யல," என்றாள். பத்திரமாகப் போய்வா என்றேன். தோளில் ஒரு சிறு பைதான். கணினியை மேசைமேலேயே விட்டுப் போயிருந்தாள்.

சனிக்கிழமை காலை நான் சமையலறை மேசையில் சூப்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கணினி பக்கத்தில் திறந்து இருந்தது. பத்து நாற்பத்து மூன்றுக்கு ஒலித்தது. ஷிராஸிடமிருந்து ஹஜெருக்கு.

'ஹஜெர், என்னைத் திட்டாதே. நான் அக்கரைக்குப் போற கள்ளப் படகுல இருக்கேன். இஞ்சின் நின்னு போச்சு. தண்ணி உள்ள வருது. படகுல யார் போன்லயும் பேச முடியல, எழுத்து மட்டும் போகுது. காவல் படைக்குச் சொல்லு.' அதன் கீழே அவர்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடக் குறி.

நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செய்திக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோடு. ஹஜெரின் கைபேசி அணைந்திருக்கிறது என்று அர்த்தம். அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் போகும்போது அதை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவாள். எனக்குத் தெரியும். இரண்டாவது கோடு எந்த நிமிடமும் விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். கடலோரக் காவல் படையின் எண் எங்கள் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. எனக்கு மனப்பாடம். கைபேசி மேசையில்தான் இருந்தது. எடுத்தேன், இரண்டு முறை. ஆனால் அந்த இடம் உங்களுக்கு எப்படித் தெரியும் அம்மா என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். தங்கையின் செய்தியைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அவளைக் காப்பாற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். போர்வை போர்த்தி உட்கார வைப்பார்கள். உங்கள் அக்காதான் சொன்னார் என்பார்கள். அவள் புத்திசாலி. நான் எப்படிப் படித்தேன் என்று ஒரு நாள் யோசிப்பாள். அடுத்த நாள் எப்போதிருந்து என்று யோசிப்பாள். அதற்கடுத்த நாள் மார்ச் மாதத்துக்குப் போய்விடுவாள். நெற்றியில் முத்தமிட்டதை நினைத்துக்கொள்வாள்.

அவள் உயிரோடு இருந்து என்னை அப்படிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அதைத் தவிர வேறொன்றும் அப்போது தோன்றவில்லை. பெயர் சொல்லாமல் எங்காவது வெளியிலிருந்து அழைத்திருக்கலாம் என்பது பிறகுதான் தோன்றியது. பிறகு என்றால் பத்து நிமிடம் கழித்து. ஆனால் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது.

பத்து ஐம்பத்தெட்டுக்கு, 'ஹஜெர், முழங்கால் வரைக்கும் தண்ணி. இங்க ஒரு கைக்குழந்தை இருக்கு.' ஒரு கோடு.

பதினொன்று இருபதுக்கு, 'போனை எடு ஹஜெர். தயவுசெஞ்சு.' ஒரு கோடு.

அம்மா உள்ளிருந்து கூப்பிட்டாள். "என்ன, சமையல் வேலை செய்யுதா இல்ல அடுப்பும் உள்ள விடமாட்டேங்குதா?" வெங்காயத்தை வதக்கி, தக்காளிக் கூழும் ஹரிஸா மிளகாய் விழுதும் போட்டு, கோதுமை ரவையைக் கொட்டினேன். அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே திரையைப் பார்த்தேன்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்குக் கடைசியாக ஒன்று வந்தது. அதைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அம்மாவுக்குச் சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். அன்று உப்பு சரியாக இருக்கிறது என்றாள். அவள் அப்படிச் சொல்வதே இல்லை. துடைத்துவிட்டு, திருப்பிப் படுக்க வைத்தேன். பாத்திரங்களைக் கழுவினேன். பிறகு மேசையில் வந்து உட்கார்ந்து காத்திருந்தேன். இரண்டேகால் மணிக்கு நான்கு செய்திகளிலும் இரண்டாவது கோடு விழுந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இனி இது ஹஜெரின் பொறுப்பு.

ஐந்து நிமிடத்தில் அவள் என்னை அழைத்தாள். அழுகைக்கு நடுவே ஷிராஸ், படகு என்று மட்டும் சொன்னாள். "என்ன சொல்ற ஹஜெர்? எந்தப் படகு?" என்று கேட்டேன். நன்றாகவே கேட்டேன் போலிருக்கிறது. அவள் நம்பினாள்.

ஹஜெர் சொல்லிக் காவல் படையின் படகுகள் போய்ச் சேர்ந்தபோது மூன்று நாற்பது. முப்பத்து நான்கு பேரில் பதினொரு பேர்தான் உயிரோடு மிஞ்சினார்கள். ஷிராஸ் செவ்வாய்க்கிழமை கரைக்கு வந்தாள். அடையாளம் காட்ட நான்தான் போனேன். பன்னிரண்டரை வரை படகு மிதந்தது என்று தப்பி வந்த ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார், நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள்.

அடக்கம் முடிந்த அன்று ஹஜெர் என் காலில் விழுந்தாள். "போனை அலமாரியில வச்சுட்டேனேக்கா. கையிலயே வச்சிருந்தா ஷிராஸ் இருந்திருப்பா," என்றாள். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடுவதில்லை என்கிறார்கள். நான் அவளைத் தூக்கி நிறுத்தி, "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. மார்செய்யில் வேலை கிடைத்துப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "போறவ சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று தினம் கேட்கிறாள். எட்டிலிருந்து ஐந்து வரை இப்போது பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்காருகிறாள். அம்மா அவளோடு ஒத்துப்போகிறாள். ஆறு வருடமாக அவளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், ஐயா. நானே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் வாழ்க்கையை மாற்ற வந்த கடிதத்துக்கு அவள் பெயரில் நான் மறுப்பு எழுதினேன். அவள் படகேறியது அதனால்தான். அவள் மூழ்கிக்கொண்டிருக்கிறாள் என்பதும், எந்த இடத்தில் என்பதும் பத்து நாற்பத்து மூன்றிலிருந்து எனக்குத் தெரியும். மூன்று மணி முப்பத்திரண்டு நிமிடம் நான் யாருக்கும் சொல்லவில்லை. இவ்வளவுதான். இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் கடைசிச் செய்தியை மட்டும் இதோடு சேர்த்து வைக்க வேண்டும். இப்போது நீங்களே திறந்து படிக்கலாம். 'ஹஜெர், அக்காவுக்கு இது தெரியவே கூடாது. அவ தாங்கமாட்டா. எனக்கு இந்த ஒண்ண மட்டும் செய்.'

அது என் தங்கை உலகத்திடம் கேட்ட கடைசி உதவி. எனக்குத் தெரியக் கூடாது என்று கேட்டாள். தெரியாதவளாகவே இருந்து, அதை நான்தான் அவளுக்குச் செய்து கொடுத்தேன்.